கோடு தாண்டிய கூடைப்பந்து

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி

நம் கல்லூரி மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் கூடைப்பந்துக் கம்பம் ஒன்று நிற்பதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதற்கு எதிர்க்கம்பம் கிடையாது. இந்த ஆண்டு ஆடி மாதம் முதல், அதற்கு நேர் மேற்கே உள்ள புங்க மரத்தில் அடி வெட்டிய தக்காளிக் கூடை ஒன்று கட்டப்பட்டிருப்பதையும் பார்த்திருப்பீர்கள். "என்னம்மா, காய்கறிக் கடை போடப் போறீங்களா?" என்று கேட்ட மூன்றாமாண்டு அண்ணன்மார்கள் உண்டு. ஒன்றும் கேளாமல் சிரித்துக்கொண்டே கடந்து சென்ற பேராசிரியப் பெருமக்களும் உண்டு. அவ்விரு சாராருக்கும் விளக்கம் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

அந்தக் கூடையைக் கட்டியவர் புதிதாக வந்து சேர்ந்த உடற்கல்வி இயக்குநர் அம்மையார். ஏணியைப் பிடித்துக்கொண்டவள் நான். தரையிலிருந்து கூடையின் விளிம்பு வரை அளவு நாடாவால் மூன்று முறை அளந்து, சரியாக 3.05 மீட்டர் வந்த பிறகே கயிற்றை இறுக்கினார். ஒரு தக்காளிக் கூடைக்கு இத்தனை துல்லியம் எதற்கு என்று எனக்கும் அன்று விளங்கவில்லை.

கூடையின் கதை

உண்மையில் இவ்விளையாட்டு பிறந்ததே இப்படித்தான். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாமல் முரண்டு பிடித்த மாணவர்களுக்காகக் கூடத்திற்குள் ஆடக்கூடிய ஓர் ஆட்டத்தை உருவாக்கினார். பீச் பழம் வரும் கூடைகள் இரண்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் இரு பக்கமும் அடித்து வைத்தார். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. அந்தப் பத்தடிதான் இன்றைக்கும் உலகெங்கும் 3.05 மீட்டர். யாரும் ஆராய்ந்து முடிவு செய்த உயரமன்று. அந்தக் கட்டடத்தைக் கட்டிய கொத்தனார் வைத்த உயரம்! முதலில் கூடைக்கு அடியும் இருந்தது. பந்து விழுந்தால் ஏணி போட்டு ஏறி எடுக்க வேண்டும். நெய்ஸ்மித் எழுதிய விதிகள் பதின்மூன்று. முதல் ஆட்டத்தில் ஆடியவர்கள் பக்கத்துக்கு ஒன்பது பேர்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தாம் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருப்பது அக்கல்லூரியே. 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் அவரே. நம் பள்ளிகளில் 'டிரில் மாஸ்டர்' என்று அழைக்கப்பட்ட எத்தனையோ ஆசிரியர்கள் அங்கே பயின்று வந்தவர்கள். ஆகவே புங்க மரத்துக் கூடையைக் கண்டு சிரித்தவர்கள் ஒரு வரலாற்றைப் பார்த்தே சிரித்திருக்கிறார்கள் என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நாற்பத்தாறுக்குப் பதினொன்று

எங்கள் அணியைப் பற்றிச் சில சொற்கள். நான் கலவைப் பக்கத்துக்காரி. மற்றவர்கள் ஆற்காடு, திமிரி, மேல்விஷாரம் என்று ஆளுக்கோர் ஊர். இயற்பியல், வணிகவியல், தமிழ் இலக்கியம் என்று ஆளுக்கோர் துறை. எங்கள் ஊர்ப் பெயரையே அணிக்கு வைத்திருக்கலாம். பள்ளியில் கூடைப்பந்து ஆடியவர்கள் இருவர். மற்றவர்கள் கபடியிலிருந்தும் எறிபந்திலிருந்தும் வந்தவர்கள். முந்தைய ஆண்டுகளிலும் அணி என்று ஒன்று இருந்தது. போட்டி அறிவிப்பு வந்தால் பெயர் கொடுப்போம். ஒரு வாரம் கம்பத்தடியில் பந்தெறிவோம். போய்த் தோற்று வருவோம். கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் பேருந்து ஏறுவோம்.

புதிய பயிற்சியாளர் வந்ததும் முதல் வேலையாக எங்களை ஒரு நட்பு ஆட்டத்திற்கு அழைத்துச் சென்றார். "எதுவும் சொல்லித் தர மாட்டேன். இப்ப இருக்கிற மாதிரியே ஆடுங்க. நான் பாக்கணும்" என்றார். 46க்கு 11 என்று தோற்றோம். தோல்வி எங்களுக்குப் புதிதன்று. அவர் எழுதிக்கொண்டு வந்த குறிப்புத்தான் புதிது. யார் எத்தனை கூடை போட்டார்கள் என்பது அதில் இல்லை. பந்து எத்தனை முறை நடுக்கோட்டைத் தாண்டாமலே எதிரணிக்குப் போயிற்று என்பதை மட்டும் கோடு கோடாகக் கிழித்து வைத்திருந்தார். எண்ணினால் பத்தொன்பது வந்தது.

இங்கே ஒரு விதியை விளக்க வேண்டும். கூடைப்பந்து ஆடுகளம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உடையது. நடுவே ஒரு கோடு. தன் பாதியில் பந்தைப் பெற்ற அணி 8 விநாடிக்குள் அந்தக் கோட்டைத் தாண்டி எதிர்ப்பாதிக்குள் பந்தைக் கொண்டுசெல்ல வேண்டும். 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும். தவறினால் பந்து மாற்றாருக்கு. கோட்டைத் தாண்டிய பின் பந்தோடு திரும்பித் தன் பாதிக்குள் வரவும் கூடாது. 10 நிமிடம் கொண்ட நான்கு பகுதிகள். அந்த 40 நிமிடமும் ஐவரும் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடிக்கொண்டே இருப்பதுதான் ஆட்டம்.

எங்களுக்கோ ஒரே கம்பம். பழகியதெல்லாம் அந்தப் பாதிக்குள்தான். திரும்பி ஓட எதிரே ஒன்றும் இல்லாததால் திரும்பி ஓடிப் பழக்கமே இல்லை. எட்டு விநாடி என்பது எத்தனை குறுகியது என்பதும் தெரியாது. முழுக்களம் என்பது எத்தனை நீளமானது என்பதும் தெரியாது. எதிர்முனையில் ஒரு கூடை வேண்டும் என்பதை அம்மையார் அன்றே முடிவு செய்துவிட்டார். கம்பம் கேட்டு விண்ணப்பம் எழுதினார். அது வரும்வரை காத்திராமல் சந்தைக்குப் போய்த் தக்காளிக் கூடை வாங்கி வந்தார். சுண்ணாம்புத் தூளால் களத்தை வரைந்தார். நடுக்கோட்டை மட்டும் மற்றவற்றைவிடத் தடிப்பாக வரைந்தார்.

கோட்டின் கதை

ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழை. மைதானம் குளமாகிவிட்டதால் வேதியியல் துறைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். அன்று அம்மையார் சொன்ன கதைதான் இக்கட்டுரையின் உயிர். பின்னர் நானும் தேடிப் படித்துச் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டேன்.

நெய்ஸ்மித் ஆட்டத்தை உருவாக்கிய சில வாரங்களிலேயே, ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அருகிலிருந்த ஸ்மித் மகளிர் கல்லூரிக்குச் செண்டா பெரன்சன் என்னும் இளம் உடற்பயிற்சி ஆசிரியை வந்து சேர்ந்தார். லிதுவேனியாவில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா வந்தவர். இந்தப் புது ஆட்டத்தைப் பற்றிப் படித்துத் தம் மாணவியருக்குக் கற்றுக்கொடுத்தார். 1893 மார்ச்சில் முதலாண்டு மாணவியரும் இரண்டாமாண்டு மாணவியரும் மோதினர். பார்க்க ஆண்களுக்கு அனுமதி இல்லை. 5க்கு 4 என்று இரண்டாமாண்டு வென்றது. (இதை நம் முதலாண்டுத் தங்கையர் கவனிக்க!)

பெண்களுக்குக் கூடைப்பந்தைக் கொடுத்தவர் என்று பெரன்சனைப் போற்றுகிறார்கள்; போற்றத்தான் வேண்டும். ஆனால் கொடுக்கும்போதே அவர் களத்தில் கூடுதலாக இரண்டு கோடுகளையும் போட்டுக் கொடுத்தார். களம் மூன்று பகுதிகளாகப் பிரிந்தது. எந்தப் பகுதியில் நிற்கிறாளோ அந்தப் பகுதியை விட்டு ஆட்டக்காரி நகரக் கூடாது. மூன்று முறைக்கு மேல் பந்தைத் தரையில் தட்டக் கூடாது. மூன்று விநாடிக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது. அடுத்தவர் கையிலிருந்து பறிக்கக் கூடாது. அதிகம் ஓடினால் பெண்ணுடல் தாங்காது, முரட்டுத்தனம் பெண்மைக்கு அழகன்று என்று நம்பிய காலம் அது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கோடுகளைப் போட்டிராவிட்டால் அக்காலத்துப் பெற்றோர் ஆடவே விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவசரத்துக்குப் போட்ட கோடு எத்தனை காலம் நிற்கும் என்பதுதான் வியப்பு. பின்னாளில் மூன்று பகுதி இரண்டாயிற்று. அணிக்கு ஆறு பேர் ஆயினர். தாக்குபவர்கள் ஒரு பாதியில், தடுப்பவர்கள் மறு பாதியில். தடுக்க நின்றவள் ஆட்டம் முழுதும் ஒரு முறைகூடக் கூடையை நோக்கி எறியாமலே வீடு திரும்புவாள். இடையிடையே சில தளர்வுகள் வந்தன. எனினும் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஐவர் ஐவராக முழுக்களமும் ஓடி ஆடுவது அதிகாரபூர்வமான விதியானது 1971இல்தான். ஏறத்தாழ 80 ஆண்டுகள்! அயோவா மாநிலப் பள்ளிகளில் அறுவர் ஆட்டம் 1993 வரை நீடித்ததாம்.

எங்களுக்கு யாரும் அப்படிக் கோடு போடவில்லை. ஒற்றைக் கம்பமே போட்டுவிட்டது.

கூடமில்லாத கல்லூரி

கோடு அழிந்த அந்த முதல் பருவத்தில், அதாவது 1971-72இல், என்ன நடந்தது என்பதுதான் அம்மையாரின் கதை.

பென்சில்வேனியா மாநிலத்தில், ஃபிலடெல்ஃபியாவுக்கு மேற்கே, இமாகுலாட்டா என்றொரு கல்லூரி; அக்காலத்தில் அது சிறிய மகளிர் கல்லூரி. கத்தோலிக்க அருட்சகோதரியர் நடத்துவது. சென்னை உடற்கல்விக் கல்லூரி தொடங்கிய அதே 1920இல் தொடங்கியது. அங்கிருந்த விளையாட்டுக் கூடம் சில ஆண்டுகளுக்கு முன் தீயில் எரிந்துபோயிருந்தது. ஆகவே அணி பயின்றது மடத்தின் நிலவறையில். சொந்தக் களத்தில் ஆடும் ஆட்டம் என்பதே அவர்களுக்கு இல்லை. உடுப்போ கம்பளித் துணியில் தைத்த மடிப்புச் சட்டை, இடுப்பில் கச்சை. அதை அணிந்துகொண்டு எப்படி ஓடினார்களோ!

1970இல் அங்கே பயிற்சியாளராக வந்தவர் கேத்தி ரஷ். வயது இருபத்திரண்டு; நம் முதுகலை மாணவியரின் வயதுதான். பருவம் முழுமைக்கும் ஊதியம் 450 டாலர். அவருடைய கணவர் ஆடவர் தொழில்முறைக் கூடைப்பந்தில் நடுவராக இருந்தவர். ஆடவர் ஆட்டத்தின் வேகத்தையும் நெருக்கித் தடுக்கும் முறையையும் ரஷ் பெண்களுக்குத் தயங்காமல் கற்றுக்கொடுத்தார். முழுக்கள விதி வந்ததும் மற்ற கல்லூரிகள் அதைச் சுமையாகக் கண்டிருக்கக்கூடும். இவருக்கு அது கதவைத் திறந்துவிட்டதுபோல் ஆயிற்று.

அணியின் தூணாக விளங்கியவர் தெரசா ஷாங்க். வேறு மாநிலத்துக் கல்லூரியில் சேரவிருந்தவர். அந்த நேரத்தில் குடும்பத்தின் வீடு எரிந்துபோகவே, பெற்றோரை விட்டுத் தொலைவில் செல்ல முடியாமல், போய்வரும் தூரத்திலிருந்த இமாகுலாட்டாவில் சேர்ந்தார். இந்த இடத்தில் தாழ்வாரத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பேருந்து வசதியைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தவர்கள்தாமே நாங்கள் அனைவரும்!

அந்தப் பருவத்தில் எல்லா ஆட்டங்களிலும் வென்று வந்த அணி, மண்டல இறுதியில் அருகிலிருந்த வெஸ்ட் செஸ்டர் கல்லூரியிடம் 70க்கு 38 என்று தோற்றது. வெஸ்ட் செஸ்டர் கேத்தி ரஷ் படித்த கல்லூரி, உடற்கல்விக்குப் புகழ்பெற்றது. முப்பத்திரண்டு புள்ளி வித்தியாசத்தில் தோற்றவர்களை யார் மதிப்பார்கள்? நாடு தழுவிய போட்டிக்குத் தேர்வான 16 அணிகளில் இமாகுலாட்டாவுக்குத் தரப்பட்ட வரிசை எண் 15. போட்டி நடந்ததோ தொலைவில் உள்ள இல்லினாய் மாநிலத்தில். பயணத்துக்குப் பணமில்லை. பல் துலக்கும் பிரஷ்களை விற்றுப் பணம் சேர்த்தார்கள். சேர்ந்த பணம் எட்டு ஆட்டக்காரியருக்குத்தான் போதுமானதாக இருந்தது. இடம் காலியிருந்தால் ஏற்றிக்கொள்ளும் மலிவுச் சீட்டில் விமானம் ஏறினார்கள். மற்றவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். (அவர்கள் பெயர் எங்கும் பெரிதாகப் பேசப்படுவதில்லை. பன்னிரண்டாவது ஆளாக ஓராண்டு இருந்தவள் என்ற முறையில் எனக்கு அவர்கள் நினைவு அடிக்கடி வருகிறது.)

அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களை வென்றார்கள். இறுதியில் எதிரே வந்து நின்றது அதே வெஸ்ட் செஸ்டர். இரண்டு வாரத்துக்குள் ஓர் அணி முப்பத்திரண்டு புள்ளியை எங்கிருந்து கொண்டுவரும்? கொண்டுவந்தது. 52க்கு 48. அதற்கடுத்த 1973, 1974 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அவர்களே வாகை சூடினார்கள். பின்னாளில் அவர்கள் ஆட்டங்களுக்கு அருட்சகோதரியர் திரளாக வந்து இரும்பு வாளிகளைத் தட்டி ஆரவாரம் செய்வார்களாம். ஓர் ஆட்டக்காரியின் தந்தை இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். வாளிகள் அவர் கொடுத்தவை. 1975இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் முதன்முதலாக மகளிர் கல்லூரி ஆட்டம் நடந்தபோது ஆடியவர்களும் இவர்களே. பார்க்க வந்தவர்கள் சுமார் 12,000 பேர்.

கதையின் மறுபாதியையும் சொல்லிவிட வேண்டும். 1972 ஜூன் மாதம் அமெரிக்காவில், அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்களில் பால் வேறுபாடு காட்டக் கூடாது என்று சட்டம் வந்தது. அதன் பிறகு பெரிய பல்கலைக்கழகங்கள் மகளிர் விளையாட்டுக்குப் பணத்தை ஒதுக்கின. உதவித்தொகை தந்து சிறந்த ஆட்டக்காரியரை ஈர்த்தன. பல் பிரஷ் விற்ற கல்லூரியால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1975, 1976 இறுதி ஆட்டங்களில் தோற்றது. 1977இல் கேத்தி ரஷ் விலகினார். நல்ல சட்டம்தான், ஆயினும் வழி காட்டியவர்களையே அது பின்னுக்குத் தள்ளிவிட்டதே என்று எனக்கு வருத்தம்.

நாற்பத்தைந்து பாகைப் பிழை

மழை விட்டதும் மீண்டும் மைதானம். ஓட்டம் ஓரளவு வந்துவிட்டது. அம்மையார் ஒரு கணக்குச் சொல்வார்: "ஆட்டம் நாற்பது நிமிஷம். களத்துல பத்துப் பேர். பந்து ஒண்ணு. சமமாப் பங்கு போட்டா ஆளுக்கு நாலு நிமிஷம். மீதி முப்பத்தாறு நிமிஷம் கையில பந்து இல்லாம என்ன பண்ணப் போற?" அந்த முப்பத்தாறு நிமிடத்தைத்தான் கார்த்திகை வரை பயின்றோம். பந்து இல்லாதவள் எங்கே நிற்பது, எப்போது வெட்டி ஓடுவது, தோழிக்காக எதிராளியின் வழியை எப்படி மறித்து நிற்பது என்பவை எல்லாம் அதற்குள் அடக்கம். தொலைக்காட்சியில் பார்க்கும்போது இவை கண்ணில் படுவதே இல்லை.

ஆனால் தனி எறிதல் மட்டும் வரவில்லை. மாற்றார் தவறு செய்தால் நடுவர் தரும் வாய்ப்பு அது. களத்தில் 'ஃப்ரீ த்ரோ' என்போம். யாரும் தடுக்க மாட்டார்கள்; நின்று நிதானமாக எறியலாம். பத்தில் இரண்டு விழும் எனக்கு. என் படிப்பு உதவியது இங்கேதான். ஒப்புக்கொள்வதானால், முதலில் என் படிப்புத்தான் கெடுத்தது!

எறிபொருள் இயக்கப் பாடத்தில், 45 பாகையில் எறிந்தால் அதிகத் தொலைவு செல்லும் என்று படித்திருக்கிறோம். ஆகவே நானும் 45 பாகையை மனத்தில் வைத்தே எறிந்தேன். ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எறியும் கோட்டிலிருந்து வளையத்தின் மையம் வரை கிடைத்தொலைவு சுமார் 4.2 மீட்டர். கையை விட்டுப் பந்து கிளம்பும் உயரம் சுமார் 2 மீட்டர் என்றால், அது ஏற வேண்டிய உயரம் 1.05 மீட்டர். எறிந்த இடத்தைவிட உயரமான இடத்தில் போய்ச் சேருவதால், கிளம்பிய அதே கோணத்தில் பந்து இறங்காது. அதைவிடக் குறைவான கோணத்தில், படுத்தவாறு வந்து சேரும். 45 பாகையில் கிளம்பும் பந்து வளையத்தை அடையும்போது அதன் இறக்கம் சுமார் 27 பாகைதான்.

வளையத்தின் விட்டம் 45 செ.மீ. மகளிர் பந்தின் விட்டம் சுமார் 23 செ.மீ. நேர் மேலிருந்து பார்த்தால் வளையம் முழு வட்டம். இரண்டு பந்துகள் நுழையும்போல் தோன்றும். சாய்ந்து வரும் பந்தின் பார்வையில் அதே வளையம் நசுங்கிய நீள்வட்டம். தட்டைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், விளங்கும். அந்த நீள்வட்டத்தின் குறுகிய அகலம், 45 செ.மீ.யை இறங்கு கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் கிடைக்கும். 27 பாகையில் அது சுமார் 20 செ.மீ. பந்தோ 23. விளிம்பில் படாமல் நுழையவே வழியில்லை! இறக்கம் 31 பாகைக்கு மேல் இருந்தால்தான் பந்து நேராக நுழைய முடியும்.

குறைந்த வலிவில் எறிந்து சேர்ப்பதற்கு ஏற்ற கோணம் இந்தத் தொலைவுக்குச் சுமார் 52 பாகை வருகிறது. அப்போது இறக்கம் 38, திறப்பு ஏறத்தாழ 28 செ.மீ. 55 பாகையில் எறிந்தால் திறப்பு 30 செ.மீ.க்கு மேல். இதைத் தாளில் போட்டு அம்மையாரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இதைத்தான்மா நான் மூணு மாசமா 'மேல போடு, மேல போடு'ன்னு கத்திக்கிட்டிருக்கேன்" என்றார்.

பந்து சோறு போடுமா?

இதைக் கேட்டவர் என் தாயார். அவர் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் பிரிவில் இருக்கிறார். காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வந்துவிடும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று நம் பகுதியிலிருந்து கப்பலேறும் காலணிகளைத் தைப்பவர்களில் பெரும்பாலோர் இப்படி வேன் ஏறிச் செல்லும் பெண்களே. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். மாலைப் பயிற்சி முடித்து இருட்டிய பின் பேருந்தில் வந்து இறங்குவதை அம்மா ஒரு வாரம் பொறுத்தார். எட்டாம் நாள், "போதும், நிறுத்திக்க" என்று சொல்லிவிட்டார். என்னைப் போல் மேலும் நால்வர் நின்றுவிட்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மையார் பேருந்து ஏறி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். கூடைப்பந்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. பேருந்து நேரங்களைப் பற்றியே பேசினார். கடைசியில் அம்மாதான் கேட்டார்: "ஏன் டீச்சர், இந்தப் பந்து சோறு போடுமா?"

"சொல்ல முடியாதும்மா" என்றார் அவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அனிதா பால்துரையின் பெயரைச் சொல்லுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். சென்னையில் வளர்ந்து, பதினெட்டு ஆண்டுகள் நாட்டுக்காக ஆடி, அணித்தலைவியாகவும் விளங்கி, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். தெற்கு ரயில்வே அவருக்கு வேலை கொடுத்தது. 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவு இறுதியில் கஜகஸ்தானை 75க்கு 73 என்று இந்தியா வென்றபோது அந்த அணியில் ஆடியவர். அப்போது அணிக்கு வாய்த்த பயிற்சியாளரும் புதியவரே. செர்பிய நாட்டுக்காரர் ஜோரன் விசிச். அந்த வெற்றியால் இந்தியா மேல்பிரிவுக்கு உயர்ந்தது. (2019இல் அதே பெங்களூரில் மேல்பிரிவில் எட்டுக்கு எட்டாவதாக வந்தோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.) இத்தனையும் அம்மையாருக்குத் தெரியும். ஆனால் ரயில்வே வேலையும் விளையாட்டுக்கான இடஒதுக்கீடும் பதக்கம் வாங்கியவர்களுக்கு. கல்லூரி அணியில் பெயர் இருந்ததற்காக மட்டும் யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை. பொய்யான ஆசையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போக அவர் விரும்பவில்லை.

வியப்பு என்னவென்றால், அந்தப் பதில்தான் அம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. "சாயங்காலம் வேணாம். காலையில வேணா அனுப்பறேன்" என்றார். மறுநாள் முதல் பயிற்சி காலை ஏழரைக்கு மாறியது. நான் முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்ததால், காலைச் சமையலில் நான் செய்த பங்கையும் அம்மா தாமே எடுத்துக்கொண்டார். அவர் எழும் நேரம் ஐந்திலிருந்து நாலரை ஆயிற்று. நின்றுபோன மற்ற நால்வரில் மூவர் திரும்ப வந்தார்கள். ஒருத்தி வரவில்லை. அவள் இப்போது கல்லூரிக்கும் வருவதில்லை.

முப்பத்தொன்று மிச்சம்

தை மாதம் கல்லூரிகளுக்கிடையிலான போட்டி. முதல் ஆட்டத்தில் வென்றோம். நம் கல்லூரி மகளிர் கூடைப்பந்தில் ஓர் ஆட்டம் வென்றதாகப் பழைய ஆட்டக்காரியர் எவருக்கும் நினைவில்லை. இரண்டாம் ஆட்டத்தில் எதிரே நின்றவர்கள் ஆடியில் எங்களை 46க்கு 11 என்று தோற்கடித்த அதே அணியினர். இமாகுலாட்டா கதையை அறிந்த எங்களுக்கு நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

அன்று எட்டு விநாடி விதியில் நாங்கள் சிக்கியது ஒரே ஒரு முறை. மூன்றாம் பகுதி முடியும்போது இரண்டு புள்ளி முன்னிலையில் இருந்தோம். பிறகு எங்களில் உயரமானவள் ஐந்தாவது தவறு செய்து வெளியேற நேர்ந்தது. கடைசி நிமிடத்தில் எனக்கு இரண்டு தனி எறிதல்கள் கிடைத்தன. மேலே போட்டேன். முதலாவது வளையத்தைத் தொடாமல் விழுந்தது. இரண்டாவது விளிம்பில் பட்டு வெளியே போயிற்று. ஐம்பத்தைந்து பாகை என்பது கணக்கில் எளிது, நடுங்கும் கையில் அரிது. 38க்கு 34 என்று தோற்றோம்.

வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டார், "கெலிச்சீங்களா?"

"தோத்துட்டோம்மா. நாலு பாயிண்ட்ல."

"அன்னிக்கு எவ்ளோல தோத்தீங்க?"

"முப்பத்தஞ்சு."

விரல் விட்டு எண்ணாமலே சொன்னார்: "அப்ப முப்பத்தொண்ணு மிச்சம்." நாள்தோறும் இத்தனை ஜோடி என்று எண்ணித் தைப்பவர், கழித்தல் கணக்கில் அவரை மிஞ்ச முடியாது.

தக்காளிக் கூடையை இதுவரை மூன்று முறை மாற்றியிருக்கிறோம். மழையில் நைந்தது ஒன்று, அணில் கடித்தது ஒன்று, ஆண்கள் அணி எறிந்து உடைத்தது ஒன்று. எதிர்க்கம்பத்துக்கான விண்ணப்பம் நகர்ந்துகொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள். மூன்றாமாண்டு அக்காமார் நால்வர் இவ்வாண்டோடு விடைபெறுகிறார்கள். ஆகவே வரும் கல்வியாண்டில் நான்கு இடம் காலி. உயரம் ஒரு பொருட்டன்று. பந்தும் நாங்களே தருவோம். காலை ஏழரை மணிக்குப் புங்க மரத்தடிக்கு வந்தால் போதும். வீட்டில் தயங்கினால் ஊர்ப் பெயரையும் பேருந்து எண்ணையும் என்னிடம் எழுதிக் கொடுங்கள், அம்மையாரிடம் சேர்த்துவிடுகிறேன்.